எம்.பி.டி.யா, சர்டிஃபிகேட் கோர்ஸா, ஒர்க்‌ஷாப்பா? கையில் ஒன்றரை லட்சம் வைத்திருக்கும் பிசியோவுக்கு

"அக்கா, சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில இருக்கு. எம்.பி.டி. சேரவா, இல்ல ரெண்டு மூணு சர்டிஃபிகேட் கோர்ஸ் முடிச்சிரவா?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்த போன் இது. கேட்டவள் பி.பி.டி. எனும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆனவள்; எம்.பி.டி. அதன் முதுநிலை. திருநெல்வேலியில் ஓர் எலும்பு மருத்துவமனையில் வேலை, மாதம் 18,000 ரூபாய். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஐ.எஃப்.டி. எனும் மின்சிகிச்சை மெஷின், அல்ட்ராசவுண்ட், முழங்காலுக்கு அதே மூன்று பயிற்சி. "படிச்சதெல்லாம் மறந்துட்டு வருதுக்கா" என்றாள்.

வருடத்துக்குப் பத்துப் பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். கேட்பவரின் சூழ்நிலை மாறும், கேள்வி மாறாது. ஒவ்வொரு முறையும் போனில் அரை மணி நேரம் பேசுவதற்கு, ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

## பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கோர்ஸ் விளம்பரத்தில் பாடம் நடத்துபவரின் போட்டோவும் "சர்வதேச அங்கீகாரம்" என்ற வரியும்தான் பெரிதாக இருக்கும். நான் பார்ப்பது வேறு.

முதலில், கோர்ஸ் முடித்து வந்த அடுத்த திங்கட்கிழமை என் முதல் பேஷண்டுக்கு நான் செய்வதில் ஏதாவது மாறுமா? என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் முழங்கால் தேய்மானம், கால்வாசிப் பேர் பக்கவாதம் என்றால், கிரிக்கெட் பந்துவீச்சாளரின் தோள்பட்டைக்கான கோர்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது எனக்கு இல்லை.

இரண்டாவது, கற்றதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று திருத்த ஆள் உண்டா? என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரியது. அமெரிக்காவில் 2009ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 19 பிசியோக்களுக்குக் கழுத்துவலி பற்றி இரண்டு நாள் கோர்ஸ் நடத்தினார்கள். பிறகு குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சிறு குழுவாக மறுபடி பயிற்சி கொடுத்தார்கள், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போயும் சொல்லிக்கொடுத்தார்கள். தொடர் பயிற்சி பெற்றவர்களின் பேஷண்டுகளுக்கு அன்றாட வேலைகளில் இருந்த சிரமம் கூடுதலாகக் குறைந்தது. வலியில் மட்டும் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. இதற்கு மூன்று வருடம் முன்பு, 2006ல் வந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்ததால் மட்டும் பேஷண்டுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

மூன்றாவது, மொத்தச் செலவு. ஃபீஸ் அதில் பாதிதான். நான்காவது, அந்தக் காகிதம் எங்கே செல்லும், எங்கே செல்லாது. ஐந்தாவது, சொல்லிக்கொடுக்கும் விஷயம் ஆராய்ச்சியில் நிற்கிறதா.

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முதலில் ஒரு பட்டியல். விவரம் கீழே.

| வழி | காலம் | சொல்லாமல் வரும் செலவு | திருத்த ஆள் | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| எம்.பி.டி. | 2 வருடம் | இழக்கும் சம்பளம் | உண்டு, கல்லூரியைப் பொறுத்து | கல்லூரி வேலை, ஐ.சி.யூ., ஒரே துறையில் ஆழம் |
| படிநிலைச் சர்டிஃபிகேட் கோர்ஸ் (முதுகு, மூட்டு வலிக்கான மெக்கென்சி, மல்லிகன் முறைகள் போன்றவை) | சில நாட்களாகப் பிரித்து 1 முதல் 3 வருடம் | பயணம், தங்கல், தேர்வுக் கட்டணம் | ஓரளவு | சொந்த கிளினிக், முதுகுவலி பேஷண்டுகள் அதிகம் உள்ளவர் |
| வாரக்கடைசி ஒர்க்‌ஷாப் | 1 முதல் 3 நாள் | பூட்டிய கிளினிக், வாங்கச் சொல்லும் சாமான்கள் | இல்லை | ஏற்கெனவே அடிப்படை உள்ளவர், ஒரு குறிப்பிட்ட தேவைக்கு |
| இணையம் | உங்கள் இஷ்டம் | பாதியில் நின்றுபோகும் சந்தா | இல்லை | ஊரை விட்டு நகர முடியாதவர் |

## எம்.பி.டி.

முதலில் கணக்கு. 18,000 சம்பளத்தை இரண்டு வருடம் விட்டால் 4,32,000 ரூபாய். இது எந்தக் கல்லூரியின் ஃபீஸ் பட்டியலிலும் இருக்காது. இதற்கு மேல்தான் ஃபீஸ், விடுதி, எல்லாம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் "முதல்ல படிப்பை முடிக்கட்டும்" என்றும் சொல்வார்கள், "இப்ப எதுக்குப் படிப்பு" என்றும் சொல்வார்கள். அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் சில இடங்களுக்கு எம்.பி.டி.யைத் தவிர வழி இல்லை. கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டுமானால் அது வேண்டும், பேச்சே இல்லை. இதய, நுரையீரல் பிரிவும் அப்படித்தான். வென்டிலேட்டரில் இருப்பவரின் நெஞ்சில் சளி எங்கே தேங்கியிருக்கிறது, எப்போது எழுப்பி உட்கார வைக்கலாம், மானிட்டரில் எந்த எண்ணைப் பார்த்தவுடன் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் ஹோட்டல் ஹாலில் கற்க முடியாது. ஐ.சி.யூ.வில் தினமும் நின்றால்தான் வரும். குழந்தைகள் பிரிவுக்கும் கிட்டத்தட்ட இதையே சொல்வேன்.

எங்கே சேர்வது என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான். சேரும் முன் ஒரு வேலைநாள் காலை பத்து மணிக்கு அந்தக் கல்லூரியின் பிசியோ ஓ.பி.க்குப் போய் உட்காருங்கள். எத்தனை பேஷண்ட் வருகிறார்கள், முதுநிலை மாணவர் பேஷண்டைத் தொடும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். பெஞ்ச் காலியாகக் கிடந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எம்.பி.டி.யின் பலமே இரண்டு வருடம் ஒருவர் நம் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். அது இல்லாத எம்.பி.டி. என்பது முப்பது பேஷண்டுகளைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்து ஒரு தீசிஸ் எழுதி, கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்டு லைப்ரரியில் தூங்க வைப்பது.

இன்னொன்றும் உண்டு. எடுக்கும் பிரிவு உங்கள் ஊரில் செல்லுமா என்று யோசியுங்கள். விளையாட்டுப் பிரிவு எடுத்துவிட்டு, சின்ன ஊரில் கிளினிக் போட்டு, வருகிற எல்லோருமே பக்கவாதமும் முழங்காலுமாக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மறுபடி நரம்பியல் பாடத்தை முதலிலிருந்து படித்தார்.

## படிநிலைக் கோர்ஸ்கள்

1956ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சியின் கிளினிக்குக்கு வந்த ஒரு முதுகுவலிக்காரர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடம் கழித்து வந்து பார்த்தால், காலுக்கு இறங்கியிருந்த வலி போய்விட்டது என்கிறார். இந்தக் கதையை மெக்கென்சி கோர்ஸ் போன எவரும் ஒரு முறையாவது கேட்டிருப்பார். அந்தத் தற்செயலில் பிறந்த முறை இன்று ஏ, பி, சி, டி என்று நான்கு பகுதிகளாகவும், கடைசியில் ஒரு தேர்வாகவும் உலகம் முழுக்க நடக்கிறது. அதே நாட்டின் பிரையன் மல்லிகன் உருவாக்கிய, மூட்டைக் கையால் நகர்த்திப் பிடித்தபடி அசையச் சொல்லும் முறைக்கும் இப்படிப் படிகளும் தேர்வும் உண்டு.

இவற்றில் எனக்குப் பிடித்தது முறையைவிட அமைப்புதான். ஏ பகுதி முடித்து ஊருக்கு வருகிறோம், சில மாதம் பேஷண்டுகளிடம் செய்கிறோம், தடுமாறுகிறோம், கேள்விகளோடு பி பகுதிக்குப் போகிறோம். நடுவில் உள்ள அந்த மாதங்கள்தான் பாடம். மெக்கென்சி ஏ முடித்த பிறகு, முதுகுவலிக்காரரிடம் "எங்கே வலிக்கிறது" என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை. பத்து முறை பின்பக்கம் வளையச் சொல்லிவிட்டு "இப்போது வலி எங்கே இருக்கிறது" என்று கேட்கிறேன். கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு ஏறி, பிறகு இடுப்பில் மட்டும் நின்றால், அவர் கிளினிக்கை விட்டுப் போகும்போதே வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்துவிடும். மெஷினுக்குப் பத்து நாள் வரச் சொல்ல வேண்டியதில்லை. இதனால் என் வருமானம் முதல் ஆறு மாதம் குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி குறைகள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஃபீஸ், தனி பயணம். தேர்வுக்கு வேறு கட்டணம். இரண்டாம் பகுதியோடு நிறுத்திவிட்டால் கையில் தேர்வுச் சான்றும் இருக்காது. நிறுத்துபவர்கள் நிறையப் பேர், நானும் ஒரு முறையில் பாதியில் நின்றவள்தான். அப்புறம், காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது போல, ஒரு முறையில் மூழ்கியவருக்கு வரும் பேஷண்ட் எல்லாமே அந்த முறைக்காரராகத் தெரிவார். புதிதாக வந்த இடுப்புவலியில் மெக்கென்சி முறையின் கூடுதல் பலன் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்று 2023ல், ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு சொன்னது. அதற்காக நான் அதை விடவில்லை. பரிசோதிக்கும் விதமாக அது எனக்கு உதவுகிறது, மந்திரமாக அல்ல.

குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொபாத் தம்பதி லண்டனில் தொடங்கிய என்.டி.டி. எனும் நரம்பு வளர்ச்சிச் சிகிச்சை முறைக்கான நீண்ட கோர்ஸுக்கு வாரக்கணக்கில் விடுப்பும் பெரிய தொகையும் வேண்டும். மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான சிகிச்சைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கின் குழு 2013லும் 2020லும் தொகுத்துப் பார்த்தபோது, குழந்தையைப் பிடித்து நாம் அசைத்துக் கொடுக்கும் பழைய பாணி என்.டி.டி. தேறவில்லை. குழந்தை தானே ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பழகும் முறைகள்தான் தேறின. எனவே அந்தப் பெயரில் கோர்ஸ் என்றால், இன்றைக்கு அதில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

## வாரக்கடைசி ஒர்க்‌ஷாப்

பல வருடங்களுக்கு முன்பு, வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னையில், வலிக்கு மீள் டேப் ஒட்டும் ஒரு டேப்பிங் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே வேண்டாம். ஹோட்டல் ஹாலில் அறுபது பேர், பத்து கட்டில். ஆறு பேருக்கு ஒரு கட்டில் என்றால் என் கை ஒருவர் மேல் பட்டது இரண்டு நாளில் மொத்தம் முக்கால் மணி நேரம் இருக்கும். சனிக்கிழமை காலை பெயர் பதியும் மேசையிலேயே சர்டிஃபிகேட்டுகள் பெயர் அச்சாகி அடுக்கி வைத்திருந்தன. ஞாயிறு மதியம் வரை இருந்தால் கொடுப்பார்கள், அவ்வளவுதான். வாசலில் டேப் ரோல் விற்பனை. ஆறு ரோல் வாங்கினேன்.

திங்கட்கிழமை பாளையங்கோட்டைக்கு வந்ததும் ஒரு டீச்சரின் முழங்காலில் நீல டேப் ஒட்டினேன். அது மே மாதம். நாலாம் நாள் வந்தார். டேப் ஓரமாகச் சுருண்டு, அடியில் தோல் சிவந்து இரண்டு கொப்புளம். "மாடிப்படி ஏறினா அதே வலிதான் மேடம், இப்ப அரிப்பும் சேர்ந்துருச்சு" என்றார். இழுவிசை கூடிவிட்டதா, வியர்வையா, ஒவ்வாமையா? கேட்க ஆள் இல்லை. ஒர்க்‌ஷாப் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பதிலாக அடுத்த ஒர்க்‌ஷாப்பின் நோட்டீஸ் வந்தது. தசை, மூட்டு வலிகளில் அந்த டேப்பால் பெரிய பலன் இல்லை என்ற ஆய்வுத் தொகுப்புகளை நான் படித்தது அதற்கும் பிறகு.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். சனிக்கிழமை கிளினிக் பூட்டு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு 300 என்றால் 3,600 போயிற்று. ரயில், ரூம், சாப்பாடு, வாசலில் விற்ற சாமான். வலிக்கும் தசையில் மருந்தில்லாத ஊசி குத்தும் உலர் ஊசி ஒர்க்‌ஷாப் என்றால் செலவு பணத்தோடு நிற்காது. தோள், விலா மேல் உள்ள தசையில் ஊசி ஆழம் தவறினால் நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்துவிடும். இரண்டு நாளில் அறுபது பேரோடு கற்றுக்கொண்டு வந்து அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை, செய்யவும் இல்லை.

அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். உதாரணமாக, ஏற்கெனவே தலைசுற்றல் பேஷண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், உள்காதில் இடம்மாறிய துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் எப்லி முறையில் தலையைத் திருப்பும் கோணத்தில் மட்டும் சந்தேகம் என்றால், அந்த ஒரு விஷயத்துக்கு ஒரு நாள் ஒர்க்‌ஷாப் தாராளமாகப் போதும். கூட வேலை செய்யும் இருவர் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. வந்த பிறகு ஒருவர் கையை ஒருவர் பார்க்கலாம். பயிற்சிக் கூட்டங்களால் சிகிச்சை முறையில் வரும் முன்னேற்றம் சராசரியாக 6 சதவீதம் அளவில்தான் என்று 2009 காக்ரேன் தொகுப்பு கணக்கிட்டது. பூஜ்யம் இல்லை. ஆனால் விளம்பரத்தில் இருக்கும் அளவும் இல்லை.

## இணையம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் வீடியோ பாடங்களைக் கிண்டல் செய்வார். நான் அவரோடு பாதிதான் ஒத்துப்போவேன். மூட்டின் கடைசி அசைவில் கைக்குத் தெரியும் அந்தத் தடையைத் திரையில் உணர முடியாது என்பது உண்மை. ஆனால் இன்றைக்கு நம் வேலையில் பெரும்பகுதி எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எப்போது கூட்டுவது, பயந்திருக்கும் பேஷண்டிடம் எப்படிப் பேசுவது என்பதுதான். இதற்கு ஏட்டுச் சுரைக்காய் நன்றாகவே வேகும்.

காசில்லாமலே நிறையக் கிடைக்கிறது. சிட்னியில் இருந்து 1999 முதல் நடக்கும் பெட்ரோ தளத்தில் பிசியோதெரபி ஆய்வுகள் தரமதிப்பெண்ணோடு தொகுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விளையாட்டுப் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஃபிஃபாவின் கால்பந்து மருத்துவ டிப்ளமோ இலவசம். ஆய்வுக் கட்டுரையைப் படிக்கத் தெரியவில்லை என்று கூச்சப்படுபவர்களுக்கு, சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். எனும் அரசு இணையப் பாடத்தளம் வழியாக நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைக் கோர்ஸைச் சொல்வேன். படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம்.

இதில் செலவு என்பது ஒழுங்குதான். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ போட்டால் ஏழாவது நிமிடத்தில் நானும் தூங்கிவிடுவேன். வருடச் சந்தா கட்டி மூன்று பாடத்தோடு நின்ற அனுபவம் எனக்கும் உண்டு.

## காகிதம் எங்கே செல்லும்

வெளிநாடு போகும் எண்ணத்தில் சர்டிஃபிகேட் சேர்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பிரிட்டனில் பிசியோவாக வேலை செய்யத் தேவையான பதிவைப் புதுப்பிக்க, கோர்ஸ்களுக்கு இத்தனை பாயின்ட் என்ற கணக்கே கிடையாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைத் தேர்ந்தெடுத்து, கற்றது என்ன, அதனால் பேஷண்டுக்கு என்ன நன்மை என்று எழுதிக் காட்டச் சொல்வார்கள். கூட வேலை செய்பவரிடம் கற்றதையும் அதில் எழுதலாம். ஆஸ்திரேலியாவில் வருடத்துக்கு 20 மணி நேரம் தொடர் கல்வி என்று இருக்கிறது. இரண்டு இடத்திலும் லேமினேட் செய்த ஃபைலைவிட, தேதி போட்டு எழுதி வைத்த நோட்டுதான் உதவும்.

இங்கே அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. "சி.ஆர்.இ. பாயின்ட் உண்டு" என்று போட்டிருக்கும் தொடர் மறுவாழ்வுக் கல்வி நிகழ்ச்சிகள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களுக்கானவை. சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கை உறுப்பு வல்லுநர் போன்றவர்களுக்குப் பதிவைப் புதுப்பிக்க அது வேண்டும். பிசியோக்கள் அந்தப் பட்டியலில் இல்லை; நமக்கு மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம்தான். பாடம் பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள், பாயின்டுக்காகப் போகாதீர்கள்.

## பட்டியலில் இல்லாத ஒரு வழி

எனக்குத் தெரிந்த ஒரு பெண் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்க்கிறாள். வண்டியில் ஊர் ஊராகப் போய், வீட்டிலேயே பக்கவாத பேஷண்டுகளைப் பார்ப்பாள். அவளும் ஒரு விலை உயர்ந்த கோர்ஸ் பற்றித்தான் கேட்டாள். அதற்குப் பதில் ஒன்று செய்தோம். பேஷண்டிடம் அனுமதி கேட்டு, முகம் தெரியாமல், இரண்டு நிமிட வீடியோ எடுத்து வாரம் ஒன்று எனக்கு அனுப்புவாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி போனில் பேசுவோம்.

முதல் வீடியோவில் ஒரு தாத்தா கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்திருக்க முயன்றார். மூன்று முறை பின்னால் சரிந்தார். அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். கயிறு தொய்ந்து, இடுப்பு முழங்காலுக்கும் கீழே போயிருந்தது. "கட்டிலை விட்டுட்டு ஒரு மர ஸ்டூல் கேளு, அடியில ரெண்டு செங்கல் வை, பாதத்தைக் கொஞ்சம் பின்னால இழுத்து வைக்கச் சொல்லு" என்றேன். அடுத்த வார வீடியோவில் அவள் கை இல்லாமலே எழுந்தார். அதற்கடுத்த வாரம் ஒரு செங்கல் போயிற்று. இதற்கு இருவருக்கும் ஆன செலவு டேட்டா பேக். எனக்கும் லாபம்தான். அவள் கேட்ட கேள்விகளுக்காகவே பக்கவாதம் பற்றி நான் மறுபடி படித்தேன்.

இதற்குச் சர்டிஃபிகேட் கிடையாது. கல்லூரி வேலைக்கோ விசாவுக்கோ ஆகாது. உங்களுக்குத் தேவை காகிதம் என்றால் எம்.பி.டி.க்குப் போங்கள். தேவை கை என்றால், திருத்தும் ஒருவரை முதலில் தேடிப் பிடித்துவிட்டு, அப்புறம் கோர்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவளிடமும் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்குக் கல்லூரி வேலையில் ஆசை இல்லை, ஐ.சி.யூ. என்றால் பயம். மருத்துவமனையில் வருவது முக்கால்வாசி முதுகும் முழங்காலும். அதனால் இந்த வருடம் படிநிலைக் கோர்ஸில் முதல் பகுதி மட்டும், மீதிப் பணம் வங்கியில், நடுவில் மாதம் இரண்டு சனிக்கிழமை மதியம் என் கிளினிக்கில் என்று பேசி முடித்தோம்.

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மெதுவாக, "அக்கா, முதுகுல கப் ஒட்டுற அந்த கப்பிங் ஒர்க்‌ஷாப்புக்கு 2,000 அட்வான்ஸ் கட்டிட்டேனே?" என்றாள்.

"திருப்பித் தருவாங்களான்னு கேளு. தரலன்னா போய்ட்டு வா. வாசல்ல கப் வித்தா மட்டும் வாங்காத."